பிரைமர் டிங்கரின் வேலை

பழைய கார் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குள் வந்ததும் முதலில் கலரைப் பற்றித்தான் பேசுவார்கள். அப்பா வாங்கியபோது வெளிர்நீலம், நடுவில் யாரோ வெள்ளை அடித்துவிட்டார்கள், மறுபடி அந்த நீலம் வேண்டும் என்பார்கள். அந்த ஆசை எனக்குப் புரியும். ஆனால் நான் கேட்கும் கேள்விகள் வேறு. வண்டி எந்த ஏரியாவில் நின்றது? பெசன்ட் நகரா, அம்பத்தூரா? ஓடிக்கொண்டிருந்ததா, நின்றுகொண்டே இருந்ததா? கவர் போட்டிருந்தீர்களா? "வருஷக்கணக்கா கவர் போட்டுப் பத்திரமா வச்சிருக்கேன்" என்று ஒருவர் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிடும். பிளாஸ்டிக் கவருக்குள் பகலில் சேர்ந்த ஈரம் ராத்திரியில் தகட்டின்மேல் வேர்த்து நிற்கும். வெளியே போக வழி கிடையாது. வெயிலிலும் மழையிலும் வெறுமனே கிடந்த வண்டிகள் அதைவிட நல்ல தகட்டோடு வந்ததுண்டு.

நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சென்னையில் தகட்டு வேலை பார்க்கிறேன். பழைய காரைப் புதுப்பிக்கும்போது பணமும் காலமும் எங்கே வீணாகிறது என்று கேட்டால், வெல்டிங் முடிவதற்கும் பிரைமர் ஏறுவதற்கும் நடுவில் என்றுதான் சொல்வேன். அந்த இடைவெளிக்குப் பொறுப்பு யார் என்பதை எங்கள் தொழில் வெகுகாலம் முடிவு செய்யவே இல்லை.

1978-ல் புதுப்பேட்டையில் ஒரு டிங்கர் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். காலையில் என் முதல் வேலை கார்பைடு டிரம்மைக் கழுவி, கல் போட்டுத் தண்ணீர் விடுவது. அதில் வரும் கேஸில்தான் வெல்டிங். எங்கள் மேஸ்திரிக்கு அந்தச் சின்ன நெருப்பின்மேல் இருந்த கட்டுப்பாட்டை இன்றைக்கு யாரிடமும் நான் பார்க்கவில்லை. இரண்டு தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஓர் அங்குலம் உருக்குவார். சூடு ஆறுவதற்குள் கீழே டாலி என்கிற இரும்புக் கட்டையைப் பிடித்து மேலே சுத்தியலால் தட்டி இணைப்பைத் தகட்டின் கனத்துக்கே கொண்டுவந்துவிடுவார். பட்டியே வேண்டாம் என்கிற அளவுக்கு இருக்கும். பள்ளம் மிஞ்சினால் ஈயம் ஏற்றி அரத்தால் சீவுவார்.

இவ்வளவு அருமையான வேலை செய்துவிட்டு வண்டியை அப்படியே வெறும் தகடாகத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு தெரு தள்ளியிருந்த பெயிண்டர் ஷெட்டில் விடுவோம். டிங்கர் கூலி தனி, பெயிண்டர் கூலி தனி. பெயிண்டர் கையில் இருக்கும் வண்டிகளை முடித்துவிட்டுத்தான் இதைத் தொடுவார். அதுவரை வண்டி கூவத்துக் காற்றில் நிற்கும். தகட்டின்மேல் செந்நிறப் பொடி படிந்தபின் எமரியால் ஒரு தேய் தேய்த்து ரெட் ஆக்ஸைடு அடிப்பார்கள். அதன்மேல் என்.சி. பட்டி, அதைத் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரில் தேய்ப்பது, பிறகு டூக்கோ பெயிண்ட். டெலிவரி அன்று வண்டி பளபளவென்று இருக்கும். இரண்டு மழைக்காலம் கழித்து அதே இடத்தில் கொப்புளம் வரும். வண்டிக்காரர் டிங்கரைத் திட்டுவார், டிங்கர் பெயிண்டரைத் திட்டுவார்.

ரெட் ஆக்ஸைடைக் குறை சொல்ல மாட்டேன். ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் அது போதும். ஆனால் அது ஈரத்தை முழுசாகத் தடுக்கிற பூச்சு இல்லை. மேலே பெயிண்ட் ஏறும் வரைக்குமான தற்காலிக ஏற்பாடு. கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே ஈரம் உள்ளே இறங்கும். தேய்த்த தண்ணீர் தகட்டு மடிப்புகளுக்குள் போய்த் தங்கிவிடும். பாலியெஸ்டர் பட்டி வந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. கனமாகப் பூசலாம், சீக்கிரம் இறுகும் என்பதால் தட்டி எடுக்க வேண்டிய பள்ளத்தையெல்லாம் பட்டியால் நிரப்ப ஆரம்பித்தார்கள். பாலியெஸ்டர் பட்டி தண்ணீரை உறிஞ்சும். அதைப் போய் வாட்டர் பேப்பரில் ஈரமாகத் தேய்த்தால் அந்த ஈரத்தைப் பெயிண்டுக்கு அடியில் நாமே வைத்து மூடுகிறோம் என்று அர்த்தம். என் பட்டறையில் பட்டியை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும். தூசி பறக்கும், முகமூடி போட வேண்டும், பையன்கள் முணுமுணுப்பார்கள். அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

தனிப் பட்டறை போட்டபோது எடுத்த முதல் முடிவு, பிரைமர் அடிப்பது டிங்கரின் வேலை என்பது. எந்தத் தகட்டை யார் வெறுமையாக்குகிறாரோ அவரே அதை மூட வேண்டும், அன்றைக்கே மூட வேண்டும். இதை ஒரு விதியாக வைத்துக்கொண்டால் மற்ற திட்டமெல்லாம் தானாக அதைச் சுற்றி வந்துவிடும். எவ்வளவு பெயிண்டைச் சுரண்டலாம், எந்தப் பக்கத்தை முதலில் வெட்டலாம், எந்த மாதத்தில் எந்த வேலை என்பதெல்லாம், இன்று மாலைக்குள் இதை மூட முடியுமா என்ற கேள்வியில் வந்து நிற்கும்.

வண்டியைக் கழற்றுவதற்கு முன்னால் பார்வைக்கு மட்டும் நிறைய நேரம் கொடுப்பேன். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைத் தகட்டின்மேல் ஓட்டினால் பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடிப்பு தளரும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுவேன். தரையில் கிடக்கும் ரப்பர் மேட்டையும் அதன் அடியில் இருக்கும் சணல் ஃபெல்ட்டையும் எடுத்துவிட்டு ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போவேன். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், துருப்பிடித்தது மந்தமாக ஒலிக்கும். வெளியே ஒரு ரூபாய் அளவு கொப்புளம் தெரிந்தால் உள்பக்கத்தில் உள்ளங்கை அளவு போயிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். துரு பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வருவது. வெளியே வந்த இடத்தை மட்டும் வெட்டித் தைப்பது வீண்.

முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் கழற்றாமல் ஆரம்பிக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். பல பட்டறைகளில் ரப்பர் பீடிங்கைச் சுற்றி டேப் ஒட்டிப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். பீடிங்குக்கு அடியில்தான் தண்ணீர் தேங்குகிறது. பழைய கண்ணாடி கழற்றும்போது உடைந்தால் மாற்று கிடைப்பது கஷ்டம் என்ற பயம் நியாயமானதுதான். ஆனாலும் அந்தச் சட்டத்தைப் பார்க்காமல் அடிக்கும் பெயிண்ட் நிற்காது. பளபளப்புப் பட்டைகளைப் பிடித்திருக்கும் கிளிப் ஓட்டைகளும் அப்படித்தான். ஒவ்வோர் ஓட்டையின் விளிம்பும் வெறும் இரும்பு. அடியில் கறுப்பாகத் தார் பூசியிருந்தால் அதையும் சுரண்டித்தான் பார்ப்பேன். துருவின்மேல் அடித்த தார் துருவை நிறுத்தியதை நான் கண்டதில்லை. விரிசல் விட்ட தாருக்கும் தகட்டுக்கும் நடுவே ஈரம் நின்று, தகடு பிஸ்கட்டாக உதிர்ந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

அம்பாசிடரில் கெடும் இடங்கள் கிட்டத்தட்ட எல்லா வண்டியிலும் ஒன்றுதான். கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டித் தகடு, அதாவது சில், ஜாக்கி மாட்டும் இடம், முன் பில்லரின் அடிப்பாகம், பின்சக்கர வளைவு, டிக்கியின் தரை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3-ல் இருந்து வந்த வண்டி அது. தனி சேஸிஸ் கிடையாது, உடம்பேதான் சேஸிஸ். அந்த சில் அழகுக்கு வைத்த தகடு இல்லை, வண்டியின் பாரத்தைத் தாங்குவது. பத்மினியும் இதே கட்டுமானம்தான்.

இதைப் புரிந்துகொள்ளாமல் செய்த வேலை ஒன்று எங்களிடம் வந்தது. வேறொரு பட்டறையில் ஓர் அம்பாசிடரைக் கட்டைமேல் தூக்கி வைத்து, இரண்டு பக்க சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டி எடுத்துவிட்டார்கள். கதவுகளையும் கழற்றியிருந்தார்கள். புது சில் வைத்து வெல்டும் அடித்து, அழகாகப் பிரைமரும் போட்டு முடித்தபின் கதவை மாட்டினால் நாலில் ஒன்றும் மூடவில்லை. வண்டியின் நடு இடுப்பு தொய்ந்த நிலையிலேயே புது சில் அதை நிரந்தரமாக்கிவிட்டது. அதைச் சரிசெய்ய, அவர்கள் போட்ட நல்ல வெல்டையெல்லாம் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. வண்டிக்காரர் அதைப் பார்க்க முடியாமல் வெளியே போய் நின்றுவிட்டார்.

சில்லைத் தொடுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே சதுரப் பைப் வைத்து முன் பில்லரையும் நடு பில்லரையும் கட்டிவிடுவோம். இடம் வலமாகவும் ஒரு பைப். கட்டுவதற்கு முன்னாலேயே கதவை மூடிப் பார்த்து, சுற்றிலும் கேப் எவ்வளவு என்று அளந்து, தகட்டின்மேலேயே எழுதி வைப்போம். வண்டி சமதளத்தில், ஓடும்போது பாரம் எங்கே விழுமோ அங்கேயே தாங்கி நிற்க வேண்டும். ஒரு பக்கம் வெட்டி, வைத்து, புள்ளிப் புள்ளியாக டேக் அடித்து, கதவை மாட்டி மூடிப் பார்த்துவிட்டுத்தான் முழு வெல்டு. அது முடிந்த பிறகே அடுத்த பக்கம். கதவைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகப் பையன்களுக்குத் தோள் நோகும். ஆனால் தகட்டு வேலை முடிந்ததற்குக் கதவு மூடுவதைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

கட்டுமானத்தில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் அம்பாசிடருக்கு நேர்மாறு. 1961-ல் தொடங்கி மெட்ராஸில் செய்த கார். வண்டலூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தத் தொழிற்சாலை நினைவுக்கு வரும். மிக்கெலாட்டி என்ற வடிவமைப்பாளர் வரைந்தது. தனி சேஸிஸின் மேல் உடம்பைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். பானட் மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்பக்கம் கவிழும். கழற்றுவது சுலபம் என்பதால் ஆர்வக்காரர்கள் வீட்டிலேயே எல்லாவற்றையும் பிரித்துவிடுகிறார்கள். உடம்புக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ரப்பரும் மெல்லிய தகட்டுப் பேக்கிங்கும் இருக்கும். எந்த இடத்தில் எத்தனை பேக்கிங் என்று குறித்துக்கொள்ளாமல் ஒரு டப்பாவில் கொட்டிவிட்டால், பிற்பாடு கதவு கேப்பைப் பிடிக்கப் பல வாரம் போராட வேண்டும்.

அடையாறில் ஒரு பெரியவரின் ஹெரால்ட் அப்படி மூட்டைகளாகத்தான் வந்தது. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளின் நுனியெல்லாம் துருப்பிடித்துப் போயிருந்தது. அவருக்கு பானட்டின்மேல்தான் கண். அதை முதலில் செய்து பிரைமர் அடித்துக் காட்டச் சொன்னார். "ஐயா, பானட் கடைசி. பின்பக்கத்தை உட்கார வைக்கணும், அப்புறம் கதவு, அதுக்கப்புறம்தான் முன்னாடி வரணும்" என்றேன். சேஸிஸின் கைகளைப் புதிதாகச் செய்து, பின் உடம்பை உட்கார வைத்து, கதவை அதற்குப் பொருத்தி, கதவுக்கு பானட்டைப் பொருத்தி, எல்லாம் சரியென்றான பிறகு மறுபடி முழுசாகப் பிரித்தோம். பிரித்தபின்தான் ஒவ்வொரு துண்டின் உள்ளும் புறமும் பிரைமர். ஒருமுறை சேர்த்துப் பார்த்ததை மறுபடி பிரிக்கிறார்களே என்று அவருக்கு மனசு தாங்கவில்லை. சேர்த்த நிலையில் அடித்திருந்தால், ஒரு துண்டோடு இன்னொரு துண்டு உட்காரும் முகங்களில் பிரைமர் ஏறியிருக்காது. ஹெரால்டில் துரு பிடிப்பது அந்த முகங்களில்தான்.

பெயிண்டை எடுப்பதிலும் காலம் மாறியிருக்கிறது. அப்போது காஸ்டிக் சோடாவும் சுரண்டியும். பிறகு ரிமூவர் வந்தது. ரிமூவர் நல்ல பொருள்தான், ஆனால் தகட்டு மடிப்புக்குள் தங்கினால் மாதங்கள் கழித்து அங்கிருந்து கசிந்து புதுப் பெயிண்டைத் தூக்கிவிடும். அதனால் மடிப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளியே நிறுத்திக்கொண்டு, மீதியைக் கையால் சுரண்டுவேன். பிளாஸ்டிங் வந்ததும் எல்லோருக்கும் அது மந்திரம் மாதிரித் தெரிந்தது. ஒருவர் தன் வண்டியின் பானட்டையும் கதவுகளையும் இரும்புத் தூண்களுக்கு பிளாஸ்டிங் செய்யும் யார்டில் கொடுத்து வாங்கி வந்தார். துரு ஒரு புள்ளி இல்லை. பானட் நடுவில் மேடு தட்டி, அழுத்தினால் டொக்கென்று உள்ளே போய் வெளியே வந்தது. வேகமாக வந்து அடிக்கும் மணல் தகட்டின் ஒரு பக்கத்தை நீட்டிவிடும். 20 கேஜ் தகடு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, எங்கே போகும்? நெளியத்தான் செய்யும். சேஸிஸ், ஆக்ஸில், சஸ்பென்ஷன் கைகள், ஹின்ஜ் போன்ற கனமான பொருள்களுக்கு பிளாஸ்டிங்கை விட்டால் வேறு வழியில்லை. கூரை, பானட், கதவின் வெளித்தகடு ஆகியவற்றை நான் அனுப்ப மாட்டேன். அனுப்பினாலும் விளிம்புகளை மட்டும், நுண்ணிய மணலில், குறைந்த அழுத்தத்தில்.

பிளாஸ்டிங் முடிந்த தகடு சென்னைக் காற்றில் ஒரு ராத்திரி தாங்காது. கார்த்திகை மாதத்தில் சில மணி நேரமே அதிகம். ஆகவே பிளாஸ்டிங்குக்கு வண்டி ஏற்றும்போதே எபாக்ஸி பிரைமரும் ஹார்ட்னரும் பட்டறையில் தயாராக இருக்க வேண்டும், கம்ப்ரசர் டேங்கில் தேங்கிய தண்ணீரைத் திறந்து விட்டிருக்க வேண்டும். தூசியை ஊதி, கிரீஸ் எடுக்கும் திரவத்தில் ஒரு துணியால் துடைத்து, காய்வதற்குள் இன்னொரு துணியால் எடுத்துவிடுவோம். அதன்பின் வெறுங்கை படக் கூடாது. வியர்வையில் உள்ள உப்பு, விரல் பட்ட இடத்திலேயே துருவாக வரும். பெயிண்டுக்கு அடியில் விரல் ரேகையே தெரியும்படி வந்த ஒரு கதவை நான் பார்த்திருக்கிறேன். காலை எட்டு மணிக்குத் தகடு இன்னும் குளிர்ந்திருக்கும், அதன்மேல் பனி வேர்க்கும். பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் பெயிண்ட் அடிப்பவர்கள், பனி படியும் வெப்பநிலையைவிடத் தகடு குறைந்தது 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கருவி இல்லாத காலத்தில் நாங்கள் பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து, கடல்காற்று ஏறும் முன் முடித்துவிடுவோம். இன்று சின்ன மீட்டர் இருக்கிறது. அது காட்டுவதும் பெரும்பாலும் அதே நேரத்தைத்தான்.

ஆசிட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துருவை எடுக்கும் பாஸ்பாரிக் ஆசிட் திரவத்தைப் பூசிவிட்டு, அது காய்ந்து வெள்ளையாகப் படிந்ததன்மேல் நேராக எபாக்ஸி அடிக்கிறார்கள். நன்றாகக் கழுவி எடுக்காத ஆசிட்டின்மேல் எபாக்ஸி பிடிக்காது. துரு மாறிவிட்டது என்று கறுப்பாகத் தெரிவதை நம்பி நான் வெளித்தகட்டை மூடுவதில்லை. குழி விழுந்த துருவை முடிந்தால் பிளாஸ்டிங்கில் எடுப்பேன், இல்லையென்றால் தகட்டையே வெட்டிவிடுவேன். எட்ச் பிரைமரும் ஆசிட் உள்ளதுதான். அதன்மேல் நேரடியாக எபாக்ஸியோ பாலியெஸ்டர் பட்டியோ போகக் கூடாது என்று பல டப்பாக்களிலேயே எழுதியிருக்கும். படிப்பதில்லை. பட்டறையில் டப்பாவின் தாளைச் சத்தமாகப் படிக்கச் சொல்வது என் வழக்கம். கலந்தபின் எத்தனை நிமிடம் வைக்க வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் மேல்கோட் அடிக்கலாம், நேரம் தாண்டினால் தேய்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

இப்போதைய என் வரிசை இதுதான். பெரிய வெட்டுகளுக்கு முன்னாலேயே வெறும் தகடு முழுவதையும் எபாக்ஸியால் மூடிவிடுவேன். வெல்டு வேண்டிய இடத்தில் மட்டும் ஓர் அங்குலம் சுரண்டித் தகட்டைக் காட்டி, வெல்டு முடிந்ததும் அந்தக் கோட்டின்மேல் மறுபடி எபாக்ஸி. இதனால் ஒரு வருஷம் இழுக்கும் வேலையிலும் வண்டியில் வெறும் இரும்பாக நிற்பது என்றைக்கும் ஒரு கைப்பிடி அளவுதான். பட்டி போடுவதும் எபாக்ஸியின் மேல்தான். வெறும் தகட்டில் பட்டி நன்றாகப் பிடிக்கும் என்று வாதிடுபவர்கள் உண்டு, பிடிக்கும்தான். ஆனால் பட்டி உறிஞ்சும் ஈரம் நேராக இரும்பைத் தொடும். நம் ஊருக்கு அது ஒத்துவராது.

வெல்டிங்கில் பழைய கைவேலையை நான் இன்னும் மதிக்கிறேன். இப்போதைய சி.ஓ.டூ வெல்டிங் வேகமானது, சூடு பரவாது, பையன்கள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அந்த வெல்டு கெட்டியானது, கேஸ் வெல்டு போலத் தட்டினால் வளைந்து கொடுக்காது. மேடாக நிற்பதைக் கிரைண்டரில் எடுக்கும்போது பக்கத்துத் தகடும் தேய்ந்து மெலிந்துவிடும். வெளித்தகட்டில் புள்ளி விட்டுப் புள்ளி, ஆறவிட்டு ஆறவிட்டு அடித்தால்தான் நெளியாது. பித்தளை வெல்டு போட்டிருந்தால் அதன் ஃபிளக்ஸ் ஒரு துளி மிஞ்சினாலும் பிரைமரைத் தூக்கும், சுடுதண்ணீரில் கம்பி பிரஷ் போட்டு எடுத்தாக வேண்டும். தரைத்தகட்டில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரும் இடங்களில், வெல்டு தாங்கும் துத்தநாகப் பிரைமரை முன்கூட்டியே அடித்து, பிறகு இரண்டு பக்கமும் எபாக்ஸி, அதன்மேல் சீலர். துருப்பிடித்த தரையின்மேலேயே புதுத்தகட்டை வைத்து மூடும் வழக்கம் இன்னும் போகவில்லை. மூன்று அடுக்காகத் தரை இருந்த பத்மினி ஒன்றைப் பிரித்தோம். நடு அடுக்கு கையோடு பொடியாக வந்தது.

2014-ல் உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. பத்மினி அதற்கு முன்பே போய்விட்டது. இப்போது புதுப்பேட்டையில் கதவும் மட்கார்டும் கிடைத்தாலும் அதன் உள்பக்கம் பார்க்காமல் வாங்க முடியாது. அதனால் சில், தரை, சக்கர வளைவு எல்லாவற்றையும் நாங்களே வளைத்துச் செய்துகொள்கிறோம்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வந்த வண்டிகள் எனக்கு இன்னொன்றைச் சொல்லிக் கொடுத்தன. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் இன்ஜினையும் சீட்டையும்தான் பார்த்தார்கள். சைதாப்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்பாசிடர் அடுத்த வருஷம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. சில்லின் அடியில் ஒரு துளை போட்டதும் உள்ளிருந்து காய்ந்த சேறு கட்டி கட்டியாக விழுந்தது. பெட்டிக்குள் போன சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் எந்தக் காலத்திலும் சரியாகப் பிரைமர் போனதில்லை. இன்று தொழிற்சாலைகளில் முழு உடம்பையும் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி உள்ளும் புறமும் பிரைமர் ஏற்றுகிறார்கள். பட்டறையில் அதற்கு வழியில்லை. அதனால் பெட்டியை மூடுவதற்கு முன் உள்முகத்தில் எபாக்ஸி, மூடி வெல்டு போட்டபின் வெல்டின் சூட்டில் உள்ளே எரிந்துபோன இடத்துக்கு, நீளக் குழாய் வழியே மெழுகு. மெழுகைக் கலர் எல்லாம் முடிந்த பிறகே விட வேண்டும். முன்னால் விட்டால் அது கசிந்து பெயிண்டைக் கெடுக்கும்.

பணம் தீர்ந்துபோவதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். பழைய கார் வேலையில் அது அடிக்கடி நடக்கிறது, அதில் வெட்கப்பட எதுவுமில்லை. பிள்ளை படிப்பு வரும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும், வண்டி வேலை நிற்கும். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதுதான் முக்கியம். சாம்பல் நிற சர்ஃபேசர் அடித்து, தேய்த்து வழவழப்பாக்கிய நிலையில் ஷெட்டுக்கு வெளியே ஒரு ஐப்பசி கார்த்திகையைக் கடந்த வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். சர்ஃபேசர் தேய்ப்பதற்காகச் செய்த பொருள், ஈரத்தை உள்ளே விடும். பார்க்க முக்கால்வாசி முடிந்த வண்டி. அடியில் தகடு முழுக்கப் புள்ளிப் புள்ளியாகத் துரு. திரும்ப ஆரம்பத்திலிருந்து. அதனால் வருகிறவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவேன்: "சார், நடுவுல நிக்கிற மாதிரி இருந்தா எபாக்ஸியில நிறுத்திக்கலாம். இல்லன்னா கலர் வரைக்கும் போயிடணும். நடுவுல சர்ஃபேசர்ல நிறுத்தக் கூடாது." எபாக்ஸியிலும் ஒரு குறை உண்டு, நேர் வெயிலில் அது மாவாகிப்போகும். நிழலில் வைக்க இடம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

மழைக்காலத்தில் எங்கள் பட்டறை கழற்றும் வேலை, பைப் கட்டும் வேலை, தகடு வளைக்கும் வேலை, சாமான் தேடும் வேலை என்று ஓடும். பெயிண்டைச் சுரண்டுவதும் பிளாஸ்டிங்கும் பொங்கலுக்கு அப்புறம். தை, மாசி, பங்குனி மூன்றும் எபாக்ஸிக்கு நல்ல மாதங்கள். சித்திரைக் கத்திரியில் தின்னர் காற்றிலேயே பறந்து பூச்சு சொரசொரப்பாக விழும், ஸ்லோ தின்னர் வேண்டும். ஆடிக் காற்றில் தூசி. இதைப் பார்த்து நாள் குறித்துக்கொண்டு வருகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள்.

அவர்களும் மாறியிருக்கிறார்கள். முன்பு கலர் அடித்த வண்டியைத்தான் பார்ப்பார்கள். இப்போது வெறும் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள், வெல்டின் உள்பக்கம் கேட்கிறார்கள். எனக்கு அது சந்தோஷம். 2021-ல் மத்திய அரசு 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்யும் விதியைக் கொண்டுவந்து, நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துகளைச் சேர்த்தது. சேஸிஸையும் உடம்பையும் பெரிதாக மாற்றாத வண்டிகளுக்குத்தான் அது. அப்போதிருந்து, புதுத்தகடு போடலாமா என்பதற்கு முன் பழைய தகட்டை எவ்வளவு காப்பாற்றலாம் என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.

ஸ்பிரே கன் இப்போது பெரும்பாலும் என்னிடம் டிங்கர் வேலை கற்கும் ஒரு பெண் கையில் இருக்கிறது. அவள் தட்டிய தகட்டை அவளே துடைத்து, அவளே மூடுகிறாள். கேட்ரிட்ஜ் முகமூடி இல்லாமல் கன்னைத் தொடக் கூடாது என்பது அவளுக்கு நான் போட்ட முதல் சட்டம். டூ-கே பெயிண்டின் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். என்னோடு வேலை செய்தவர்களில் மூச்சுத்திணறலோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. முன்பு மஞ்சள் ஜிங்க் குரோமேட்டைத் துணிகூடக் கட்டாமல் அடித்தோம். அது புற்றுநோய் தரும் பொருள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது பட்டறையில் இருப்பது ஒரு மார்க் 2 அம்பாசிடர். இடது சில் முடிந்து கதவு மூடுகிறது, வலதுபக்கம் இந்த வாரம் வெட்டுகிறோம். கலர் அடித்து மெழுகு விட்டபின், கதவுகளின் அடியிலும் சில்லிலும் இருக்கும் வடிகால் துளைகள் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டு மெழுகு அடைக்காமல் பார்ப்போம். அந்தக் கம்பியையும் சாவியோடு சேர்த்தே வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுவேன். ஒவ்வொரு மழைக்கு முன்னும் அதை அவர் ஒருமுறை விட்டுப் பார்க்க வேண்டும்.